வெளிச்சம் வந்து சேரும் நேரம்

எங்கள் ஊர் லோமாவில் ஒரு மின்விசிறி நின்றுபோனால் மூன்று பேரைக் கூப்பிடலாம். கடவுளை, விசிறி விற்ற கடைக்காரனை, அல்லது ஃபியோர்தாலிசாவை. முதல் இரண்டு பேரும் வர நாளாகும். ஃபியோர்தாலிசா காபி ஆறுவதற்குள் வந்துவிடுவாள்.

நாற்பத்தேழு வயது. சனிக்கிழமையானால் ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போல அவளும் தலை நிறைய சுருட்டுக்குழல் மாட்டிக்கொண்டுதான் தெருவில் நடப்பாள். அந்தக் குழல்களுக்கு நடுவே ஒரு டெஸ்டரைச் செருகி வைத்திருப்பது அவள் மட்டும்தான். புருஷன் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போய்த் திரும்பாத வருஷம், வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளும் சுற்றாத ஒரு விசிறியும் மிஞ்சின. புருஷன் மேலிருந்த கோபத்தில் விசிறியைப் பிரித்துப் போட்டாள். மாட்டியபோது சுற்றியது. அன்றிலிருந்து விசிறி, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு இன்வெர்ட்டர், பிறகு மோட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பாகத் தொட்டால் கம்பியே கற்றுக் கொடுத்துவிடும் என்பாள். இடது கைச் சுண்டுவிரலில் அப்படிக் கற்ற பாடம் ஒன்று கறுப்பாக இருக்கிறது.

ஊர்க்கோடியில் இருக்கிற ஐஸ் ஃபேக்டரியின் பெரிய கம்ப்ரெசர் மூச்சு வாங்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் நான்கு மணி நேரம் எண்ணெயில் முங்கி எழுவாள். கடைசியில் ஃப்ரோமெத்தா என்பவன் கை கழுவிக்கொண்டு வந்து, 'பழுது பார்த்தவர்' என்கிற இடத்தில் தன் பெயரைக் கையெழுத்துப் போடுவான். அவன்தான் பராமரிப்பு அதிகாரி. மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் அவனிடம் இருந்தது, அவளிடம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் பெண்கள் இரண்டு பேரையும் கரையேற்றிவிட்ட அடுத்த மாதமே, சனிக்கிழமைகளில் நடக்கும் பெரியவர்கள் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். இரண்டே வருஷத்தில் எல்லாப் பாடத்தையும் முடித்தாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று இயற்பியல்.

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மீன்காரி நீச்சல் தேர்வில் தோற்றதுபோல் இருக்கிறது என்றார் எதிர்வீட்டுக்காரர், டொமினோ ஆட்டத்திலிருந்து தலையைத் தூக்காமலே. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அவள் தோற்றதற்குக் காரணம் அவள் மண்டை இல்லை. ஒரே ஒரு சொல்.

தமிழ்நாட்டில் கரண்ட் போகும். எங்கள் டொமினிகன் குடியரசில் போவது வெளிச்சம். மின்சாரத்துக்கு இங்கே அதுதான் பெயர். மாதாமாதம் வருவது வெளிச்ச பில். கொக்கி போட்டுத் திருடுகிறவன் வெளிச்சத் திருடன். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போதே, "வெளிச்சம் இல்ல, ஜூஸ் போட முடியாது" என்பார் கடைக்காரர், யாரும் அவரை விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். வெளிச்சம் போவதற்கு நேரங்காலம் கிடையாது. வருவதற்கும் கிடையாது. வருகிற நொடியில் மட்டும் ஒன்று நடக்கும். தெருவில், வீட்டில், சலூனில், கக்கூஸில் இருப்பவர்கள் உட்பட, மொத்த லோமாவும் ஒரே குரலில் கத்தும்: "வெளிச்சம் வந்துடுச்சு!" பிறந்த குழந்தையும் பேச்சு வந்த மறுநாளே இதைக் கற்றுக்கொண்டுவிடும்.

இப்படிப்பட்டவளிடம் போய் முதல் வகுப்பிலேயே, வெளிச்சம் எதன் வழியாகப் போகும் என்று கேட்டாள் யுதெல்கா. இருபத்தேழு வயது டீச்சர், எங்கள் பேச்சில் ப்ரொஃபே, பல்கலைக்கழகத்திலிருந்து சுடச்சுட வந்தவள். எங்கள் வீட்டுக்குக் கம்பி வழியாக, பக்கத்து வீட்டுக்கு எங்கள் கம்பி வழியாக என்றாள் ஃபியோர்தாலிசா. வகுப்பு சிரித்து உருண்டது. வெளிச்சம் வேகமா, சத்தம் வேகமா என்று கேட்டதற்கு, சத்தம்தான், வெளிச்சம் வியாழக்கிழமை போனது இன்னும் வரவில்லை என்றாள். வெளிச்சம் நேர்கோட்டில்தான் செல்லும் என்று பலகையில் எழுதியபோது, ப்ரொஃபே எங்கள் தெருக் கம்பங்களைப் பார்த்ததே இல்லை போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். வெளிச்சம் தண்ணீருக்குள் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவள் சிரிக்கக்கூட இல்லை.

"யாராவது செத்துப்போவாங்க, ப்ரொஃபே," என்றாள். "அதப் போயி வெளையாட்டா கேக்கறீங்களே."

முதல் தேர்வில் விசைகள், மின்சாரம் இரண்டிலும் முழு மதிப்பெண். கம்ப்ரெசரைக் கப்பி போட்டுத் தூக்கியவளுக்கு நெம்புகோல் கணக்கு எம்மாத்திரம். அலைகளிலும் தேறிவிட்டாள். ஒளிப் பகுதியில் வந்த ஐந்து கேள்விக்கும் மின்சாரத்தை எழுதிவிட்டு வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு. தேறுவதற்கு எழுபது வேண்டும்.

யுதெல்கா அதன்பிறகுதான் சிரிப்பதை நிறுத்தினாள். அந்தப் பெண்ணை நான் பாராட்டுவது இதற்காக. வெளிச்சம் என்று இரண்டு இருக்கிறது அம்மா, ஒன்று கம்பியில் வருவது, ஒன்று கண்ணில் படுவது, தேர்வுக்காரர்கள் கேட்பது எப்போதும் கண்ணில் படுவதைத்தான் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொன்னாள். ஃபியோர்தாலிசா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கண்ணாடியும் லென்சும் அதற்கப்புறம் மூன்று வாரத்தில் அவளுக்கு வசமாயின. தெரு முனையில் இருந்த பழைய லாரியின் ஹெட்லைட்டைக் கழற்றி, பின்பக்கக் கிண்ணம் ஏன் அந்த வளைவில் இருக்கிறது என்று யுதெல்காவுக்கே விளக்கினாள்.

இந்த நேரம் பார்த்து ஃப்ரோமெத்தாவுக்கு நியூயார்க் விசா வந்தது. அவன் போவதற்குள் ஃபேக்டரி முதலாளி தொன் நிகானோர் அவளை அழைத்து, அந்த நாற்காலி உனக்குத்தான் என்றார். வேலை தெரியும் என்பது எனக்குத் தெரியும், இன்ஷூரன்ஸ்காரனுக்குக் காகிதம் வேண்டும், மாதக் கடைசிக்குள் சான்றிதழோடு வா, இல்லாவிட்டால் தலைநகரிலிருந்து ஒரு பையனை அனுப்புகிறோம் என்கிறார்கள் என்றார். அந்தப் பையன் வந்தாலும் கம்ப்ரெசரைத் தொடப்போவது அவள்தான், கீழே எழுதப்போவது வேறு ஒரு பெயர். அவள் வீட்டுக்கு வந்து அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று மூத்த மகள் என்னிடம் சொன்னாள்.

இரண்டாம் தேர்வு எழுதினாள். ஒன்பதாவது கேள்விக்குப் பன்னிரண்டு மதிப்பெண்: காற்றில் ஒலியின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையை விவரி. மற்ற எல்லோரும் புத்தகத்தில் இருந்தபடி சுவர், கைதட்டல், எதிரொலி என்று எழுதிவிட்டு வந்தார்கள். ஃபியோர்தாலிசாவுக்கும் அது தெரியும். ஆனால் அவள் ஒரு வருஷமாகத் தன் வீட்டு மொட்டைமாடியில் செய்துவருகிற ஒன்றை எழுதினாள்.

லோமா மேட்டில் இருக்கிறது. எதிரே, பள்ளத்துக்கு அந்தப்பக்கம், போசோ. இரண்டுக்கும் வெளிச்சம் தனித்தனி லைன். பெரும்பாலும் போசோவுக்கு முதலில் வரும். இருட்டில் உட்கார்ந்திருக்கிற லோமா அதைப் பார்த்து வயிற்றெரிச்சலில் வாயை மூடிக்கொண்டிருக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து காற்று வாங்கும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். போசோவில் பல்புகள் எல்லாம் குப்பென்று எரியும். ஆனால் அந்தக் கத்தல் உடனே வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். பிறகுதான் வரும்.

ஃபோனில் அளந்தாள். பதினான்கு தடவை அளந்து சராசரி எடுத்தாள். மூன்றரை நொடி. தூரத்துக்கு மின்கம்பங்களை எண்ணினாள். போசோ மைதானத்திலிருந்து அவள் வீடுவரை பள்ளத்தைத் தாண்டி ஒரே நேர்கோட்டில் இருபத்துமூன்று கம்பம், இருபத்திரண்டு இடைவெளி, ஒவ்வொன்றும் நாற்பது மீட்டர். ஆக எண்ணூற்றெண்பது. வகுத்தால் நொடிக்கு இருநூற்று ஐம்பத்தொன்று வந்தது. புத்தகமோ முந்நூற்று நாற்பது என்கிறது. இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவளுக்கு ஒருநாள் லோமாவில் வெளிச்சம் வந்தபோது பிடிபட்டது. தன் தலைக்குமேல் பல்பு எரிந்த உடனே பக்கத்து வீடு கத்தவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் கத்தியது. அந்தத் தாமதத்தையும் அளந்தாள். 0.9 நொடி. மூன்றரையில் அதைக் கழித்தால் 2.6. எண்ணூற்றெண்பதை அதால் வகுத்தால் முந்நூற்று முப்பத்தெட்டு. அன்றைக்கு மாடியில் தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன் என்று அவளே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இதை அப்படியே எழுதினாள். தேவையான கருவிகள் என்ற இடத்தில், 'ஒரு ஃபோன், 23 கம்பம், போசோ மக்கள்' என்று எழுதினாள். செய்முறையின் முதல் வரி இப்படி இருந்தது: 'வெளிச்சம் வந்ததும் அந்த வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் பின்னால் வரும்.' அவசரத்தில் நோட்டில் எழுதிவைத்த பாடம் மறந்து, ஊர்ப் பேச்சு கையில் வந்துவிட்டது.

விடைத்தாள் திருத்தியவர் மாவட்ட அலுவலகத்து லிசென்சியாடோ எவாரிஸ்தோ. பட்டம் வாங்கியவர், அதைப் பெயருக்கு முன்னால் போடாமல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்த முதல் வரியைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: 'மாணவிக்கு ஒளிக்கும் மின்சாரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.' போசோ மக்களுக்கு எதிரே ஒரு பெரிய கேள்விக்குறி. பன்னிரண்டுக்குப் பூஜ்யம். மொத்தம் அறுபத்தொன்று.

மறு திருத்தத்துக்கு எழுதிப் போடலாம் என்றாள் யுதெல்கா. போட்டார்கள். லிசென்சியாடோ பள்ளிக்கு வந்தார். தன் விடைத்தாளுக்காகத் தானே வாதாடிய மாணவியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும். சொல் தவறு என்றால் அறிவு தவறு என்றார். அறிவியலில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர், உங்கள் தெருப் பேச்சை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்றார். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். 0.9ஐக் கழித்தது புத்தக விடை வருவதற்காக நீங்களே செருகிய எண் என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்கு முகம் சிவந்தது.

"லிசென்சியாடோ, சொல்லுத் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எண்ணுல நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் எங்க மாடிக்கு வாங்க. நீங்களே அளங்க."

வெள்ளிக்கிழமைதான் மறு திருத்தத்துக்குக் கடைசி நாள். அதை விட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அவர் வந்ததே ஆச்சரியம். தன் ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மறு திருத்தப் படிவத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு, ஐந்தரைக்கு ஏணி ஏறினார். ஏழு மணிக்குக் கடைசி பஸ் இருக்கிறது, அதற்குமேல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கே வெளிச்சம் போயிருந்தது. வருமா என்பது மின்சாரக் கம்பெனிக்கே தெரியாது.

யுதெல்காவும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். காபி வந்தது. சோள மாவில் பொரித்த பலகாரம் வந்தது. லிசென்சியாடோ முதலில் வேண்டாம் என்றார், பிறகு நான்கு தின்றார். வானம் மங்கிக்கொண்டே போனது. வெளிச்சம் போனால் திட்டித் தீர்க்கிற லோமா, அன்றைக்குப் போசோவுக்கே முதலில் வரட்டும் என்று முதல் தடவையாகப் பிரார்த்தனை செய்தது. விஷயம் தெருவெல்லாம் தெரியும். கீழே டொமினோ மேசையில்கூடக் காய்களை மெதுவாக வைத்தார்கள்.

ஆறே முக்காலுக்குப் போசோ எரிந்தது. யாரும் சொல்லவில்லை, ஆனாலும் லோமா முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு பள்ளத்தைத் தாண்டி அந்தக் கத்தல் வந்தது. லிசென்சியாடோ அழுத்தினார். மூன்றரை.

"எரநூத்தி அம்பத்தொண்ணு," என்றார் அவர். சந்தோஷமாகத்தான் சொன்னார். "சத்தத்தோட வேகம் இது இல்லம்மா."

"கத்தறவங்களுக்கு நேரம் குடுங்க. பல்பு எரிஞ்சா ஒடனே யாரு கத்துவா? எரிஞ்சிடுச்சான்னு நம்பறதுக்கே ஒரு நொடி ஆகும். நம்புனதுக்கப்புறந்தான் வாயே தெறக்கும்."

"நான் பாத்த உடனே அழுத்துனேனே. எனக்கு அந்த ஒரு நொடி ஆகலியே."

"நீங்க காத்துக்கிட்டு இருந்தீங்க. அவங்க சோறாக்கிக்கிட்டு இருந்தாங்க. எங்க பக்கம் வரட்டும், பாருங்க."

எங்கள் பக்கம் வரவேண்டுமே. ஆறு ஐம்பது. ஆறு ஐம்பத்தைந்து. ஏணிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பல்புக்கு நேரே யுதெல்கா ஃபோனை நீட்டி, வீடியோ ஓடவிட்டுப் பத்து நிமிஷமாகக் கை வலிக்க நின்றாள். ஃபியோர்தாலிசா தொட்டிமேல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ வீட்டுக்கு வெளிச்சத்தை வரவைத்தவள், அன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்ததுபோல் எப்போதும் உட்கார்ந்ததில்லை. லிசென்சியாடோ ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். காபிக்கு நன்றி சொன்னார். மதிப்பெண் மாறவில்லை என்று எழுதவேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். ஏணியைப் பிடித்து ஒரு காலை இறக்கினார். இந்த இருட்டில் பஸ் வரை எப்படிப் போவது, தலைநகரில் தன் வீட்டிலும் நேற்று முழுக்க இல்லை, மனைவி ஃபிரிட்ஜில் வைத்த மீன் எல்லாம் போயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பல்பு எரிந்தது.

லோமா கத்தியது. லோமாவை விடச் சத்தமாக, ஏணியிலிருந்து ஒரு கையை எடுத்து வானத்தை நோக்கி நீட்டி, லிசென்சியாடோ எவாரிஸ்தோ கத்தினார்:

"வெளிச்சம் வந்துடுச்சு!"

ஸ்டாப்வாட்ச் அவர் கழுத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அழுத்தவே மறந்துபோயிருந்தார்.

யுதெல்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வீடியோவைத் திருப்பி ஓட்டினாள். பல்பு எரிகிற நொடி தெளிவாக இருந்தது. முதல் குரல் யாருடையது என்பது அதைவிடத் தெளிவாக இருந்தது. நடுவில் 0.8 நொடி. லிசென்சியாடோ மேலே ஏறி வந்து, ஃபோனை வாங்கி, மூன்று தடவை போட்டுக் கேட்டார். பிறகு ஃபைலைத் தொட்டிமேல் வைத்து அவரே கணக்குப் போட்டார். மூன்றரையில் 0.8 போனால் 2.7. முந்நூற்று இருபத்தாறு.

"நூத்துக்கு அஞ்சு பங்கு பிழைக்குள்ள இருக்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நல்ல சோதனை. என் முப்பது வருஷத்துல பாத்ததுலயே நல்ல சோதனை." அப்படிச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்குப் பத்து என்று எழுதினார்.

எழுபத்தொன்று. தேறியாகிவிட்டது. யுதெல்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், கீழே மகள்கள் அழுதார்கள், டொமினோ மேசை தலைகீழானது. வேறு யாராக இருந்தாலும் லிசென்சியாடோவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். ஃபியோர்தாலிசா படிவத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அந்த ரெண்டு எதுக்குப் போச்சு?"

"சொல்லுக்கு. மின்சாரம்னு எழுத வேண்டிய எடத்துல நீங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யுதெல்காவின் ஃபோன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அவள் பார்வை அந்த ஃபோனுக்குப் போனது. அவர் கொஞ்ச நேரம் எரிகிற பல்பையே அண்ணாந்து பார்த்தார். பிறகு பத்தை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினார். மறு திருத்தப் படிவத்தில், மதிப்பெண் மாற்றியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தன் அழகான கையெழுத்தில் இரண்டே சொல் எழுதினார்: 'வெளிச்சம் வந்துவிட்டது.' கீழே பட்டத்தோடு முழுப் பெயரையும் போட்டு, அவள் பெயருக்கு இடம் விட்டுப் பேனாவை நீட்டினார்.